கன்வர்ட்டர் மாற்றிய பின் கரகரக்கும் கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

“பின்னாடி சைலன்சர் போயிடுச்சு, மாத்திடுங்க” என்றுதான் இந்த வகை வண்டி பட்டறைக்குள் வரும். சைலன்சரில் ஒரு குறையும் இருக்காது. இரண்டு மாதம் முன்னால், எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றியிருப்பார்கள். அதை நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

கீழே வருவது ஒரே வண்டியின் கதை அல்ல. சென்னைப் பட்டறைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் ஒரு கோளாற்றை, அதன் எல்லா முகங்களும் தெரியும்படி ஒரு மாதிரி வண்டியில் கோத்திருக்கிறோம். அதிர்வெண், டெசிபல் கணக்குகளைக் கால்குலேட்டர் வைத்திருக்கும் யாரும் போட்டுப் பார்க்கலாம்.

வண்டியும் முன்கதையும்

2014இல் வந்த 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4) புகை விதிக்கு உட்பட்டது. 90,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியது. மடிப்பாக்கத்திலிருந்து ஓஎம்ஆருக்கு (பழைய மகாபலிபுரம் சாலைக்கு) தினமும் போய்வரும் வண்டி, பாதி நேரம் முதல் இரண்டு கியரில்தான். சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் மேனிஃபோல்டுக்கு அடியிலேயே போல்ட் போட்ட கன்வர்ட்டர், பிறகு வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப், நடுவில் சத்தத்தைக் குறைக்கும் சின்ன ரிசோனேட்டர், கடைசியில் மஃப்ளர் (நாம் சைலன்சர் என்பது இதைத்தான்). கன்வர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று.

மூன்றாம் சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் பலவீனமாகி, மிஸ்ஃபயரோடு (பெட்ரோல் சரியாக எரியாமல்) வண்டி சில வாரம் ஓடியிருக்கிறது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருப்பது கார்டியரைட் என்ற பீங்கான் தேன்கூடு. 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உருகும். அதற்கு முன்பே விரிசல் விடும். முதலில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போலச் சத்தம், பிறகு செக் எஞ்சின் விளக்கு, ஸ்கேனரில் பி0420 (கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்ற கோளாறுக் குறியீடு). காயிலை மாற்றி, கன்வர்ட்டரையும் மாற்றினார்கள். (காயிலை விட்டுவிட்டுக் கன்வர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். இதையும் பார்க்கிறோம்.)

கழற்றியது கம்பெனியோடு வந்தது: 400 செல் (சதுர அங்குலத்துக்கு 400 துளை) பீங்கான், உடல் 250 மி.மீ. நீளம், 100 மி.மீ. விட்டம். போட்டது ‘யுனிவர்சல்’ வகை: 200 செல் உலோகத் தகடு, உடல் 150 மி.மீ., விட்டம் அதே. குறைந்த 10 செ.மீ. நீளத்துக்கு 45 மி.மீ. குழாய்த் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். பழைய ஃபிளாஞ்சுகளை (குழாய்களைப் போல்ட்டில் இணைக்கும் தகட்டு விளிம்புகளை) அறுத்து இதில் வெல்டிங் செய்திருக்கிறார்கள். மூட்டில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பழையதே. சூட்டை மறைக்கும் ஹீட் ஷீல்டு தகடு பொருந்தவில்லை என்று கழற்றிவிட்டார்கள்.

நான்கு புகார்கள். குளிர்ந்த எஞ்சினில் இரண்டு மூன்று நிமிடம் ‘டிக் டிக்’, சூடானதும் மறைகிறது. மூன்றாம் கியரில் 2,400 ஆர்பிஎம் வாக்கில் தரையே முழங்குவது போல ‘ங்ம்ம்’. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் 3,500க்கு மேல் கரகரப்பு, காலை எடுத்தால் தகரச் சத்தம். கடைசியாக, 400 கிலோமீட்டருக்குள் பி0420 மறுபடியும்.

வண்டிக்காரருக்கு இது எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம். உண்மையில் நான்கு தனித்தனி வேர்கள். சத்தங்களில் ஒன்றுதான் கன்வர்ட்டரின் இயல்பால் வந்தது.

எதோடு ஒப்பிடுவது?

பழைய கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டிருந்தால் அதன் கடைசி மாதங்களில் வண்டியே அமுங்கிய குரலில்தான் பேசும். அந்தச் சத்தத்துக்குக் காது பழகிவிட்டதால், சரியான புதிய கன்வர்ட்டரைப் போட்டாலும் ‘அதிகமாகிவிட்டது’ என்றே தோன்றும். எனவே அடைப்பு இருந்ததா என்பது முதல் கேள்வி. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது வழக்கம்: ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) அழுத்தம் 1.5 பிஎஸ்ஐக்குள், 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டால் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. மாற்றும் முன்பே எடுத்து வைக்க வேண்டிய அளவு இது.

சத்தத்தைப் பதிவு செய்ய மொபைல் போதும். டெயில் பைப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி, புகை வரும் திசைக்கு 45 டிகிரி கோணத்தில், குழாயின் உயரத்திலேயே போனை வைத்து, அதிர்வெண் காட்டும் ஆப் ஒன்றில் பதிவு செய்யுங்கள். போன் காட்டும் டெசிபலை நம்பாதீர்கள். முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் அது உதவும். கூலன்ட் சூடு ஒரே அளவில், ஆர்பிஎம் ஒரே அளவில், இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங் வேண்டாம். சுவர்கள் எதிரொலித்து எல்லாக் காரையும் லாரியாக்கிவிடும். எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போதும் பதிவு செய்யாதீர்கள். புகையின் வெப்பம் 100 டிகிரியில் இருக்கும்போது ஒலி அதில் நொடிக்கு ஏறக்குறைய 385 மீட்டர் போகும். 600 டிகிரியில் ஏறக்குறைய 580 மீட்டர். குழாயின் சுருதியே மாறிவிடும்.

டிக் டிக்: கசிவு

எந்த எக்ஸாஸ்ட் சத்தத்திலும் முதலில் தேடவேண்டியது கசிவு. மற்ற எல்லாச் சோதனைகளையும் அது பொய்யாக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்றக்கூடாது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் மறையும் ‘டிக்’ என்றால் பெரும்பாலும் மேனிஃபோல்டை ஒட்டிய ஃபிளாஞ்ச்தான். இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது. இந்த வண்டியில் இரண்டு பிழைகள் சேர்ந்திருந்தன. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி அதே வடிவில் உட்காராது. அடுத்தது, ஃபிளாஞ்சைச் சுற்றி ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டியதால் அது வளைந்துவிட்டது. கண்ணாடித் துண்டின் மேல் ஃபிளாஞ்சைக் கவிழ்த்து வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகினால் வளைவு தெரியும்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் குழாய்க்குள் புகை ஏற்றிப் பார்க்கும் ஸ்மோக் மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றால், குளிர்ந்த வண்டியில் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை டெயில் பைப்பில் துணி சுற்றிச் செருகி, மூட்டுகளில் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

இந்தக் கசிவு சத்தத்தோடு நிற்பதில்லை. எக்ஸாஸ்டில் அழுத்தம் துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் சிறிது நேரம் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்றை இழுக்கும். முன் சென்சார் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்து ‘பெட்ரோல் குறைவு’ என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைத் திருத்தும் அளவு) கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மைலேஜ் குறையும், கூடுதல் பெட்ரோல் கன்வர்ட்டரைச் சுடும், புதிய தேன்கூடும் பழையதன் வழிக்குப் போகும். ஒரு பழைய கேஸ்கெட்டின் மிச்சம் இவ்வளவு தூரம் போகிறது.

சிலிக்கோன் பேஸ்ட்டைப் பூசி இந்தக் கசிவை அடைக்க நினைப்பவர்கள் உண்டு. சூட்டில் அது நிற்காது. அதன் ஆவி சென்சார் முனையைக் கெடுக்கவும் செய்யும்.

‘ங்ம்ம்’: கன்வர்ட்டர் குற்றவாளியல்ல

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆர்பிஎம்மை 30ஆல் வகுத்தால் வெடிப்பு அதிர்வெண் கிடைக்கும். 2,400ஐ 30ஆல் வகுத்தால் 80 ஹெர்ட்ஸ். சூடான புகையில் அந்த அலையின் நீளம் 7 மீட்டருக்கு மேல். அதற்கு 15 செ.மீ. உடலும் 25 செ.மீ. உடலும் ஒன்றுதான். 45 மி.மீ. குழாய் 100 மி.மீ. டப்பாவாக விரிந்து சுருங்கும் அமைப்புக்கு உரிய சூத்திரத்தில் போட்டால், 80 ஹெர்ட்ஸில் பழைய நீளம் அடக்குவது 1 டெசிபல், புதிய நீளம் 0.4. இந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. முழக்கத்துக்குக் கன்வர்ட்டரைக் குறைசொல்வது வீண்.

அப்படியானால் எங்கிருந்து வருகிறது? நியூட்ரலில் 2,400க்கு உயர்த்தினால் முழக்கம் இல்லை. மூன்றாம் கியரில் இழுவையோடு போனால் இருக்கிறது. இந்த ஒரு சோதனையே விடையைச் சொல்லிவிடும். இழுவை வரும்போது எஞ்சின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டில் சாய்கிறது. குழாய் சரியான இடத்தில் தொங்கினால் ஃப்ளெக்ஸ் பைப் அந்தச் சாய்வை விழுங்கிக்கொள்ளும். ஒட்டிய 10 செ.மீ. துண்டு சற்றே கோணலாக இருந்ததால் ஃப்ளெக்ஸ் பைப் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இனி மடங்க இடமில்லாமல், அதிர்வை அப்படியே பின்குழாய்க்கும் அதைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர் வழியாகத் தரைத் தகட்டுக்கும் கடத்துகிறது. நடுக்குழாய் ஓரிடத்தில் டனலின் (தரைத் தகட்டில் குழாய் போகும் குழிவின்) விளிம்பைத் தொட்டும்விட்டது. அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளப்பான கோடு இருக்கும். டார்ச் அடித்து அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

ஹேங்கர் ரப்பர்களையும் பார்க்க வேண்டும். பத்து வருடச் சென்னை வெயிலிலும் சூட்டிலும் அவை கட்டையாகிவிடும். விரலால் அழுத்தினால் அமுங்காத ரப்பர் இரும்புக்குச் சமம்.

கரகரப்பு: இதுதான் கன்வர்ட்டர்

இங்கே மட்டும் வண்டிக்காரரின் காது சரி.

400 செல் என்றால் ஒரு சதுர அங்குலத்தில் 400 துளை. ஒரு அங்குல நீளத்தில் 20. துளைக்குத் துளை 1.27 மி.மீ. 200 செல்லில் அது 1.8 மி.மீ. இந்த அரை மில்லிமீட்டர்தான் சத்தத்தின் குணத்தை மாற்றுகிறது. ஒலி அலை நுண்ணிய துளைகள் வழியாக முன்னும் பின்னும் ஆடும்போது சுவரோடு உரசி ஆற்றலை இழக்கிறது; சுவருக்கு வெப்பத்தையும் விடுகிறது. துளை சிறுத்தால் இழப்பு கூடும், அதிர்வெண் ஏறினாலும் கூடும். எனவே 400 செல் பீங்கான் கரகரப்பான மேல் சுருதிகளை வடிகட்டிக்கொண்டே இருக்கிறது, யாருக்கும் தெரியாமல். 200 செல் பாதியை விட்டுவிடுகிறது.

இதோடு நீளமும் சேர்கிறது. டப்பா அதிகமாக அடக்கும் அதிர்வெண், ஒலியின் வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். 250 மி.மீ. உடலுக்கு 580 ஹெர்ட்ஸ். 150 மி.மீ. உடலுக்கு 970 ஹெர்ட்ஸ். உச்சத்தில் இரண்டும் 8 டெசிபல் வரைதான் அடக்கும், ஆனால் அடக்கும் இடம் மேலே நகர்ந்துவிட்டது. 4,000 ஆர்பிஎம்மில் வெடிப்பு அதிர்வெண் 133. அதன் மூன்றாம் மடங்கு 400 ஹெர்ட்ஸ். அங்கே பழைய உடல் 7.3 டெசிபல் அடக்கியது, புதியது 4.8. இந்த இரண்டரை டெசிபல் அளவில் பெரிதில்லை. மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியை நோக்கி அது சாய்ந்திருப்பதால்தான் ‘சத்தம் கூடியது’ என்பதைவிட ‘சத்தம் கெட்டது’ என்று தோன்றுகிறது.

மூன்றாவது, கன்வர்ட்டரின் வெளிக்கூடு. பழையதற்கு மேலே ஹீட் ஷீல்டு என்ற இரண்டாம் தோல் இருந்தது. புதியது ஒற்றைத் தகடு. காலை எடுத்ததும் வரும் தகரச் சத்தம் அந்தத் தகடே அதிர்வதால் வருவது. ஷீல்டு இல்லாமல் ஓட்டுவதால் வரும் கேடு சத்தம் மட்டுமல்ல. அடியில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையும், நிறுத்தும் இடத்துக் காய்ந்த புல்லும் தீப்பிடிக்கப் போதுமான சூடு அங்கே இருக்கிறது.

இப்படித் துளை பெரிதான கன்வர்ட்டரைக் காட்டி, ‘ஹை ஃப்ளோ போட்டதில் பிக்கப் கூடியிருக்கு’ என்பார்கள். இந்த அளவு எஞ்சினில் அது பெரும்பாலும் சத்தம் கொடுக்கும் மயக்கம்.

திரும்பி வந்த பி0420

முன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் வேலை செய்தால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் வாக்கில் அசையாமல் நிற்கும். ஏனென்றால் தேன்கூட்டின் மேல்பூச்சில் உள்ள சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. பின் சென்சாரும் முன்னதைப் போல ஆடினால் அந்தக் கொள்ளளவு போதவில்லை. 200 செல்லில் பூச்சு படியும் பரப்பே குறைவு. ஆனால் கசிவை அடைக்கும் வரை இந்த முடிவுக்கு வரக்கூடாது. பின் சென்சார் அருகே கசிந்தாலும் இதே குறி வரும்.

பின் சென்சாரை ஒரு ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளி விளக்கை அணைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. விளக்கு அணையும், புகை மாறாது. பிஎஸ் 4 பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், 2,500 ஆர்பிஎம் வாக்கில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு) 0.97 முதல் 1.03 வரை என்பது வரம்பு. லாம்டாவில் கசிவும் மாட்டிக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு புகை, ஒலி இரண்டுக்கும் பொருந்தும்: முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு.

சரிசெய்த வரிசை

வாங்கும்போதே பாதி வேலை முடிகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் புதுப்பேட்டையில் வாங்கினாலும் ஒரு டார்ச்சும் ஸ்கேலும் கொண்டு போங்கள். ஸ்கேலை முகப்பில் வைத்து 10 மி.மீ.க்குள் துளைகளை எண்ணினால், எட்டு வந்தால் 400 செல். ஐந்தரை, ஆறு வந்தால் 200. ஒளி மறுபக்கம் நேராகத் தெரிய வேண்டும். தேன்கூடே இல்லாமல் ஓட்டைக் குழாய் மட்டும் தெரிந்தால் அது கன்வர்ட்டர் இல்லை. பழைய பொருள் என்றால் இதில் இன்னும் கவனம் வேண்டும். பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருப்பதால் உள்ளிருப்பதற்குத் தனி விலை உண்டு, கூடு மட்டும் மிஞ்சியிருக்கலாம். குலுக்கிப் பாருங்கள், கிலுகிலுத்தால் வேண்டாம்.

இந்த வண்டிக்கு 400 செல் பீங்கான், 250 மி.மீ. உடல், ஷீல்டோடு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, இரண்டு சென்சார்களையும் எடுத்து வைத்து, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். உடலில் உள்ள அம்புக்குறி புகை போகும் திசையில். ஸ்டெயின்லெஸ் உடலைச் சாதா இரும்புக் குழாயோடு சேர்க்க டிஐஜி (TIG) வெல்டிங், 309எல் ஸ்டெயின்லெஸ் கம்பி. சாதாக் கம்பியால் எம்ஐஜி (MIG) வெல்டிங் அடித்தால் கடற்காற்றில் அந்தக் கோடுதான் முதலில் துருப்பிடிக்கும். முதலில் வண்டியிலேயே நான்கு புள்ளி ஒட்டு. ஃபிளாஞ்சைப் போல்ட்டில் இறுக்கிய நிலையில், எதிரெதிர்ப் பக்கமாகச் சிறு சிறு ஓட்டம், இடையில் ஆறவிட்டு. அப்போதுதான் வளையாது.

புதிய கேஸ்கெட், புதிய ஸ்டட், புதிய நட். மேனிஃபோல்டிலிருந்து பின்பக்கமாக எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாயைச் சுற்றி எங்கும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி இருப்பதைப் பார்த்து, ஃப்ளெக்ஸ் பைப் நேராக நிற்பதை உறுதிசெய்து, பிறகு முன்னிருந்து இறுக்க வேண்டும். பின்னாலிருந்து இறுக்கிக்கொண்டு வந்தால் மிச்சக் கோணல் எல்லாம் ஃப்ளெக்ஸ் பைப்பின் தலையில் விழும்.

முதல் ஸ்டார்ட்டுக்கும் ஒரு முறை உண்டு. தேன்கூட்டைச் சுற்றியுள்ள வெர்மிகுலைட் பாய் சூட்டில் உப்பித்தான் அதை இறுகப் பிடிக்கிறது. பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு இரண்டு நிமிடம் 2,500இல் நிறுத்தி, முழுக்க ஆறவிட வேண்டும். கொஞ்சம் புகையும் நெடியும் வரும். பாயில் உள்ள பசை எரிவதுதான். உப்புவதற்கு முன்பே எஞ்சினை முறுக்கிப் பார்த்தால் தேன்கூடு நகர்ந்து, புதிய கன்வர்ட்டரிலேயே கிலுகிலுப்பு ஆரம்பிக்கும். ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

அதன் பின் ‘டிக்’ இல்லை, ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது, மூன்றாம் கியர் முழக்கம் போயிற்று. 1,000 கிலோமீட்டர் கழித்தும் பி0420 வரவில்லை. 4,000க்கு மேல் மிக லேசான கரகரப்பு மட்டும் மிஞ்சியது. நடு ரிசோனேட்டரின் உள்ளிருக்கும் பஞ்சைப் பத்து வருடத்தில் புகை ஊதித் தள்ளியிருப்பது அதற்குக் காரணம். துளையிட்ட குழாயும் கண்ணாடி இழையும் வைத்த 300 மி.மீ. ரிசோனேட்டர் ஒன்று அதைத் தீர்த்துவிடும். வண்டிக்காரர் அதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். மஃப்ளர் பழையதே இருக்கிறது, மாற்றவில்லை. கட்டையாகிப்போன பின் ஹேங்கர் ரப்பர் இரண்டை மட்டும் மாற்றி அனுப்பினார்கள்.